நாலு வரிசை பச்சை, நாலு வரிசை வெளுப்பு

மாடு விழுந்துவிட்டது என்று பால் கறப்பவன் ஓடி வந்து சொன்னபோது பண்ணையாள் தராசுக்கு முதலில் கோபம்தான் வந்தது. காலையில் அந்த மாட்டுக்கு மக்காச்சோளத்தைப் பச்சையாக வெட்டிப் போட்டது அவர்தான். அது ஆவலாக மென்று தின்றதை நின்று பார்த்துவிட்டுத்தான் வாய்க்கால் வேலைக்குப் போனார். வயிறு நிறையத் தின்ற மாடு எதற்கு விழ வேண்டும்?

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் விழுந்தது ஒன்று, தள்ளாடுவது இரண்டு. விழுந்தது கழுத்தை நீட்டிப் போட்டு, வாயைத் திறந்து, மூச்சுக்கு அல்லாடியது. அடுத்த பண்ணைக்கு வந்திருந்த மாட்டு டாக்டரை நல்ல வேளையாகப் பிடித்து வந்திருந்தார்கள். அவர் ஊசியில் கொஞ்சம் ரத்தம் இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். சிவப்பாக இல்லை. சாக்லேட்டைக் கரைத்த மாதிரி இருந்தது. உடனே மூன்றுக்கும் ஒரு நீல மருந்தை நரம்பில் ஏற்றினார். கால் மணி நேரம் ஆனது. பிறகு விழுந்த மாடு காதை ஆட்டியது, தலையைத் தூக்கியது, சாணி போட்டது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சோளத்துக்கு யூரியா போட்டது யாரு?"

எல்லாரும் தராசைப் பார்த்தார்கள்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கையால் உரம் போடுகிறவர்களில் அவர் அளவுக்கு ஈடு கிடையாது. யாரோ ஒருநாள் வம்புக்கு அவர் அள்ளிய ஐந்து பிடியைத் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தார்கள். ஐந்தும் ஒரே எடை. அன்றிலிருந்து தராசு. ரேஷன் அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

"நான்தான் போட்டேன். ஏக்கருக்கு ஒரு மூட்டை. நாலு ஏக்கருக்கு நாலு மூட்டை. எப்பவும் போடுறதுதான்" என்றார்.

"ரொம்பத் தின்னிருக்கு ஐயா பயிரு. போட்டதுக்கப்புறம் மூணு வாரம் மழை இல்ல. வாடிக் கெடக்குற பயிரு இழுத்த சத்தைச் செரிக்க முடியாம அடித்தண்டுல சேர்த்து வச்சிருக்கும். முந்தாநாள் ஒரு மழை பேஞ்சுதே, அப்ப இன்னும் இழுத்திருக்கும். அதைத்தான் மாடு தின்னுருக்கு. அதுக்கு அது நைட்ரேட் விஷம்."

"நாலு மூட்டைதானே டாக்டர்" என்றார் பண்ணையம்மா. பதினெட்டு மாட்டையும் அந்த நாலு ஏக்கரையும் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவர். "காலி மூட்டையை நானே மடிச்சு வச்சேன். நாலுதான்."

"வாங்க, வயலைப் பார்ப்போம்."

அந்த நாலு ஏக்கரும் சைலேஜுக்குப் போட்ட மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் மெஷின் வந்து தட்டையோடு பொடியாக நறுக்கித் தரும். குழியில் கொட்டி, டிராக்டரை மேலே ஏற்றி மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடினால் ஒரு மாதத்தில் புளித்துப் பக்குவமாகும். மாட்டுக்குப் போடும் ஊறுகாய் என்று பால் கறப்பவன் சொல்வான். பழைய குழி போன வாரமே காலி. அதனால்தான் மெஷின் வருவதற்கு முன்பே வயலின் ஓரத்தில் கொஞ்சம் பச்சையாக வெட்டிப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

டாக்டர் ஒரு தட்டையைத் தரையோடு வெட்டி, அடித்தண்டை இரண்டாகக் கிழித்து, சின்ன பாட்டிலிலிருந்து சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டார். எழுத்து மையைக் கொட்டின மாதிரி நீலமாகியது. "பார்த்தீங்களா, விஷம்" என்றார். நாலு எட்டு தள்ளிப் போய் இன்னொன்றைக் கிழித்துச் சொட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை. பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டார். அப்போதும் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி மூன்றாவது. நீலம்.

டாக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என்னங்க இது. ஒண்ணு விஷமா இருக்கு, ஒண்ணு பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. ஒரே வயலுதானே?"

அப்போதுதான் மூன்று பேரும் வயலைப் பயிராகப் பார்க்காமல் வயலாகப் பார்த்தார்கள். நாலு வரிசை கரும்பச்சை. அடுத்த நாலு வரிசை வெளுத்துப் போய், கீழ் இலை மஞ்சளாகி. மறுபடி நாலு வரிசை கரும்பச்சை. கோடு போட்ட சட்டையை விரித்துப் போட்ட மாதிரி கடைசி வரைக்கும் அப்படியே.

"நான் இதைப் பத்து நாளாப் பார்க்குறேன்" என்றார் பண்ணையம்மா. "தண்ணி ஒண்ணு விட்டு ஒண்ணு பாயலைன்னு நெனச்சேன்."

தராசும் பார்த்திருந்தார். வெயிலின் வேலை என்று நினைத்து விட்டுவிட்டார். வெயில் என்ன அளந்து நாலு வரிசை விட்டு நாலு வரிசையா காயும் என்று இப்போதுதான் உறைத்தது.

மூட்டைக் கணக்கு சரியாக இருக்கிறது, பயிர் தப்பாக இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் தலைக்குள் கிர்ரென்றது.

டாக்டர் ஒரே போடாகச் சொல்லிவிட்டார். "எந்தத் தட்டை நல்லது, எந்தத் தட்டை கெட்டதுன்னு தெரியாம ஒரு எலை கூடப் பச்சையாப் போடாதீங்க. அடியில ஒரு அடி விட்டுட்டு மேல வெட்டி, எல்லாத்தையும் குழியில போட்டு மூடுங்க. புளிக்கும்போது விஷம் குறையும். மாசம் கழிச்சுச் சோதிச்சுட்டுப் போடலாம். மூடின ரெண்டு வாரத்துக்குக் குழிகிட்ட யாரும் குனியக் கூடாது. பழுப்பாப் புகை கெளம்பினா மனுஷனுக்கே ஆபத்து."

"சரி டாக்டர். அந்த மாசம் பூரா என் மாடு எதைத் தின்னும்? தார்ப்பாயையா? வைக்கோல் மூணு நாளைக்குத்தான் இருக்கு."

டாக்டர் சாயங்காலம் மாட்டைப் பார்க்க மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பண்ணையம்மா வரப்பில் நின்றபடி, வயலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "தராசண்ணே, போன பக்கமே ரெண்டாவது தடவையும் போயிட்டீங்களோ?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் தராசும் சத்தம் போட்டிருப்பார். அவர் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஆனால் இது நோயாளியிடம் கேட்கிற குரல். அந்தக் குரலில்தான் அவருக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

தராசின் அண்ணன் கொத்தனார். கை சுத்தமான ஆள். ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள், கதவுக்கு விட்ட இடத்தையும் சேர்த்துச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அடுத்த ஆறு மாதத்தில் சொந்த மகனைப் பார்த்து "நீ யாருப்பா" என்று கேட்டார். பண்ணையம்மாவுக்கும் அந்தக் கதை தெரியும். தராசுக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். காலையில் போனது, மூட்டையைப் பிரித்தது, இடுப்பில் பையைக் கட்டியது எல்லாம் நினைவு இருந்தது. ஆனால் அது அந்த நாள்தானா? முப்பது வருடமாக ஒவ்வொரு தடவையும் அதே மூட்டை, அதே இடுப்பு, அதே பிடி. எது எந்த நாள் என்று எப்படிச் சொல்வது? தான் ஒரே பக்கம் இரண்டு தடவை நடப்பதை மனதுக்குள் பார்க்க முயன்றார். பார்க்கவும் முடிந்தது. அதுதான் இன்னும் மோசம்.

மனைவி வலது மணிக்கட்டில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். வழுக்கி விழுந்து மாதம் ஒன்றாகிறது, வீக்கம் முழுதாக வற்றவில்லை.

"ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

சொன்னார். சொல்லும்போதே கேட்டார்: "நான் சமீபத்துல எதையாவது மறக்குறேனா?"

"கல்யாணமானதுலேருந்து மறக்குறீங்க. எதைன்னு சொல்றது?"

"வெளையாடாதடி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டை விட்டாள். "சட்டையை உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி போட்டுட்டுப் போனீங்க போன வாரம். அது அவசரம். உங்க அண்ணனுக்கு வந்தது வேற. மொதல்ல சோத்தைத் தின்னுங்க."

சோற்றைப் பிசைந்தபடியே அன்று எப்படிப் போட்டோம் என்று யோசித்தார். உரம் போடுவதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முறை வைத்திருந்தார்கள். எட்டு வரிசைக்கு நடுவில் ஒரு நடைபாதை, இந்தப் பக்கம் நாலு வரிசை, அந்தப் பக்கம் நாலு வரிசை. பாதையின் ஒரு முனையில் அவர் நுழைவார், எதிர் முனையில் அவள். ஒவ்வொருவரும் தன் வலது பக்கத்துக்கு மட்டும் வீசுவார்கள். எதிரெதிராக வருவதால் அவருடைய வலது ஒரு பக்கம், அவளுடைய வலது மறுபக்கம். நடுவில் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு தாண்டிப் போவார்கள். முனைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு பக்கமும் முடிந்திருக்கும். பிறகு வெறுங்கையோடு அவரவர் முனைக்கே திரும்பி, பையை நிரப்பிக்கொண்டு அடுத்த பாதைக்குள் நுழைவார்கள். இதை இருவரும் பேசி வைத்துக்கொண்டதே இல்லை. எப்படியோ வந்து, அப்படியே நின்றுவிட்டது.

இந்தத் தடவை அவள் கை சுளுக்கியதால் மருமகள் வந்தாள். கல்யாணமாகி நாலு மாதம். தையல் கம்பெனியில் வேலை. அன்று கம்பெனிக்கு லீவு.

மருமகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது தராசு அவளிடம் கேட்டார்: "ஏம்மா, அன்னைக்கு நான் எங்கயாவது தடுமாறினேனா? போன பாதையிலேயே மறுபடி வந்தேனா?"

"இல்லையே மாமா. ஒவ்வொரு பாதையிலயும் நடுவுல உங்களைத் தாண்டித்தானே போனேன். ஒரு தடவை என் காலை மிதிச்சீங்க. அதுதான் ஞாபகம்."

"அப்ப நான் போடாத பக்கம் எப்படிம்மா நிக்குது?"

"தெரியலையே மாமா." அவள் முகம் சின்னதாகிவிட்டது. "நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"நீ என்னத்தைத் தப்புப் பண்ணப் போற. நான் பார்த்துப் பார்த்துக் காட்டினேனே."

மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "மறுபடி நடந்து பார்த்துடுங்களேன். டீக்கடைக்காரர் அடுப்புச் சாம்பலை மூட்டையா வச்சிருக்காரு. ரெண்டு பையில அள்ளிக்கிட்டுப் போயி அன்னைக்கு மாதிரியே போடுங்க. இலை மேல சாம்பல் நிக்கும். எந்தப் பக்கம் போனீங்கன்னு ஊருக்கே தெரியும்."

தராசுக்குப் பயமாக இருந்தது. நடந்து பார்த்து, தான் தடுமாறுவது தெரிந்துவிட்டால்? ஆனால் மருமகள் கம்பெனிக்குப் போன் போட்டு அரை நாள் லீவு சொல்லிவிட்டாள்.

வயலில் பயிர் இப்போது ஆள் உயரத்துக்கு மேல். பாதைக்குள் நுழைந்தால் எதிர் முனை தெரியாது. மருமகள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். "மாமா, வரட்டா?" என்று சத்தம் கொடுத்தாள். "வா!" என்றார்.

இரண்டு எட்டுக்கு ஒரு பிடி. வலது கையால் அள்ளி, வலது பக்கத்துக்கு வீசினார். நாலு வரிசைக்கும் பரவிச் சாம்பல் விழுந்தது. தன் கை தன் சொல்லைக் கேட்கிறதா என்று ஒவ்வொரு பிடிக்கும் பார்த்துக்கொண்டே நடந்தார். கேட்டது. நடுவில் மருமகள் வந்தாள். இலையை விலக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி தரையைப் பார்த்தபடி தாண்டிப் போனாள். இந்தத் தடவை அவர் அவள் காலை மிதிக்கவில்லை.

அவளைத் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகு தராசு நின்றார். அவருடைய வலது பக்கத்து இலைகளில் ஏற்கெனவே சாம்பல் இருந்தது. அவர் இன்னும் அங்கே வீசவே இல்லை. இடது பக்கம் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

தலை சுற்றியது. நான் திரும்பிவிட்டேனா? வந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறேனா? சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று அண்ணாந்து பார்த்தார். பயிருக்கு மேல் வெளிச்சம் இருந்ததே தவிர சூரியன் இல்லை. இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். எது வலது? சாம்பல் ஒட்டியிருப்பது வலது. சோறு தின்னும் கை. அப்படியானால் அந்தச் சாம்பல் யாருடையது? அண்ணன் அந்தக் கதவு இடத்துக்கு முன்னால் நின்று சிரித்த சிரிப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"மாமா!" மருமகள் பதறித் திரும்பி ஓடி வந்தாள். "என்னாச்சு மாமா? மயக்கமா?" அவரைத் தூக்கக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை சுத்தமாக இருந்தது. கண்ணாடி வளையல் வரைக்கும் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. தராசு அந்தக் கையைப் பிடிக்காமல் வெறித்துப் பார்த்தார்.

"இன்னொரு கையைக் காட்டு."

அது முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்தது.

"நீ இந்தக் கையிலயா போட்டே?"

"ஆமா மாமா."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான். எனக்கு எறியிறது, வெட்டுறது எல்லாம் எடது கைதான் வரும். சாப்பிடுறதும் எழுதுறதும்தான் வலது. அது சின்ன வயசுல அடிச்சு மாத்திட்டாங்க." அவளுக்கு இன்னும் புரியவில்லை. "நீங்கதானே மாமா எதிர்ல நின்னு செஞ்சு காட்டினீங்க, இதே மாதிரி போடுன்னு. உங்க கை எந்தப் பக்கம் போச்சோ, அதே பக்கம்தான் நானும் போட்டேன். கண்ணாடி பார்க்குற மாதிரி. சரியா வருதேன்னு நெனச்சேன்."

சரியாகத்தான் வந்திருக்கிறது. அவர் எந்தப் பக்கம் போட்டாரோ அதே பக்கம், ஒவ்வொரு பாதையிலும், நாலு ஏக்கருக்கும். ஒரு பக்கம் இரண்டு பங்கு, மறுபக்கம் வெறும் தரை.

தராசுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சாம்பல் கையால் துடைத்ததில் முகம் முழுக்கக் கோடு. மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "என்னால மாடு செத்திருக்குமே மாமா."

"சும்மா இரும்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ என் மூளையைத் திருப்பிக் குடுத்திருக்க" என்றார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, மாமனாருக்கு உண்மையிலேயே ஏதோ ஆகிவிட்டது என்ற முகத்தோடு அவரைப் பார்த்தாள்.

பண்ணையம்மாவுக்குப் புரிய வைப்பது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது. டாக்டரும் மாட்டைப் பார்க்க வந்திருந்தார். வாயால் சொல்லி வேலைக்காகவில்லை. தராசு பண்ணையம்மாவைக் கொட்டகை வாசலின் ஒரு மூலையில் நிறுத்தி, எதிர் மூலையில் தான் நின்றார்.

"வலது கையைத் தூக்குங்கம்மா. நானும் தூக்குறேன்."

"ரெண்டும் வேற வேற பக்கம் இருக்கே. தப்பா இருக்கு."

"அதுதான் சரி. இப்ப நீங்க எடது கையைத் தூக்குங்க."

"இப்ப ஒரே பக்கம் இருக்கு. இதுதானே சரி?"

"இதுதாம்மா தப்பு!"

"அண்ணே, தப்பைச் சரிங்கிறீங்க, சரியைத் தப்புங்கிறீங்க." பண்ணையம்மா கையைக் கீழே போட்டார். அந்த நோயாளிக் குரல் மறுபடி எட்டிப் பார்த்தது.

நடுவில் நின்ற டாக்டர் தன் இரண்டு கைகளையும் தூக்கி, இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, கடைசியில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதே தெரியாமல் மாட்டைப் பார்த்து நின்றார். மாடும் அவரைப் பார்த்தது.

"டாக்டரு, பாட்டிலை எடுங்க" என்றார் தராசு. "இனிமே நான் வாயால சொல்லப் போறதில்ல."

வயலுக்குப் போனார்கள். இலையைப் பார்த்துச் சொன்னார் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத் தராசு வரப்பில் வயலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். பாதையின் எண்ணையும் எந்தப் பக்கம் என்பதையும் மட்டும் டாக்டர் சொல்ல வேண்டும்.

"ஏழாவது பாதை, ரோட்டுப் பக்கம்."

"நீலமாகும்."

ஆகியது.

"ஏழு, கெணத்துப் பக்கம்."

"ஒண்ணும் ஆகாது."

ஆகவில்லை. வயலின் நடுவில், கடைசியில், தென்னை ஓரத்தில் என்று பத்துத் தண்டு கிழித்தார்கள். பத்தும் அவர் சொன்ன மாதிரியே. பத்தாவதுக்கு டாக்டர் பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எனக்கு இன்னும் அந்தக் கைக் கணக்கு புரியல. ஆனா வெளுத்த வரிசையை நீங்க பச்சையாவே வெட்டிப் போடலாம். அதுல யூரியாவே விழலை. மொதல்ல ரெண்டு மாட்டுக்கு மட்டும் போட்டு நாலு மணி நேரம் பாருங்க. கரும்பச்சை வரிசை மட்டும் குழிக்கு."

பண்ணையம்மா விரல் விட்டு எண்ணினார். வெளுத்தது இரண்டு ஏக்கர். பதினெட்டு மாடு. ஒரு மாதம் தாங்கும். தாங்கி மிஞ்சவும் செய்யும்.

"அடுத்த தடவை பேசாம மெஷினை வச்சு யூரியா போட்டுடலாமாண்ணே?" என்றார்.

"மெஷினுக்கு எது வலதுன்னு யாரு சொல்லுவா?" என்றார் தராசு. பண்ணையம்மா சிரித்தார். சிரித்தது பழைய குரலில் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊரில் கை இருக்கிறவர்கள் எல்லாம் அருவாளோடு இறங்கினார்கள். அறுக்கிற மெஷினை விட்டால் எட்டு வரிசையையும் சேர்த்து விழுங்கிவிடும், அதனால் வெளுத்ததைக் கையால்தான் எடுக்க வேண்டும். மருமகள் இடது கையால் வெட்டினாள். அருவாளின் பல் வலக்கைக்காரர்களுக்கு வெட்டியது, அவளுக்கு வழுக்கியது. ஆனாலும் விடவில்லை. முதல் கட்டை இரண்டு மாட்டுக்குப் போட்டார்கள். தராசு கொட்டகை வாசலில் குந்தி, இரண்டு மாட்டின் விலாவையும் மூச்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மனைவி தூக்குச் சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாடு தின்னுடுச்சு. நீங்க தின்னுங்க."

"இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

"சரி, அடுத்த வாரம் கீழ வயலுக்கு யூரியா போடணும். என் கை அதுக்குள்ள தேவலையாயிடும். மருமகளும் வரேங்கிறா. மூணு பேரா போனா வேலை சீக்கிரம் முடியும்ல?"

தராசு தலையாட்டினார். பிறகு ஆட்டியதை நிறுத்தினார். அவரும் மனைவியும் என்றால் எதிரெதிர் முனை. அவரும் மருமகளும் என்றால் ஒரே முனையில் நுழைந்து, ஒருவர் பின்னால் ஒருவர் நடந்தால், அவர் வலது, அவள் இடது, சரி. மூன்று பேர் என்றால்? ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். இது பாதை. இங்கே நான். எதிரே நீ. மருமகள் எனக்குப் பின்னால் வந்தால் உன் பக்கத்தில் போடுவாள். உனக்குப் பின்னால் வந்தால் என் பக்கத்தில்.

"அவளைப் பின்னாடி நடக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"பின்னாடின்னா? முதுகைக் காட்டிக்கிட்டா?"

"ஆமா. திருப்பிவிட்டா எடது வலதாயிடும்ல?"

தராசு யோசித்தார். ஆகுமா? எழுந்து நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் நடந்து, இடது கையை வீசிப் பார்த்தார். ஆகிற மாதிரியும் இருந்தது, ஆகாத மாதிரியும் இருந்தது. மறுபடி குந்திக் கோட்டை அழித்தார். இன்னொன்று போட்டார்.

"தராசண்ணே!" கொட்டகைக்குள்ளிருந்து பண்ணையம்மா கூப்பிட்டார். "நாலு மணி நேரம் தாண்டிடுச்சு. ரெண்டும் நல்லா நிக்குது, இன்னும் கேட்டுக் கத்துது. அடுத்த கட்டு எல்லா மாட்டுக்கும் போடலாமா?"

"போடுங்கம்மா, போடுங்க" என்றார் தராசு தலையைத் தூக்காமல். "இருங்க, இந்த மூணாவது ஆளு எந்தப் பக்கம்னு மட்டும் பார்த்துட்டு வந்துடுறேன்."